பின் சீட்டுப் பாரம்

என் அக்கா புருஷன் வாங்கிய அட்வெஞ்சர் பைக் எங்கள் வீட்டுக்கு ஓடி வரவில்லை. ஒரு குட்டி லாரியில் கயிறு கட்டி ஏற்றிக்கொண்டு வந்தார்கள். காடு, மலை, ஆறு எல்லாம் தாண்டிப் போவதற்கென்றே செய்த வண்டியாம். விற்றவர் வீட்டிலிருந்து எங்கள் வீடு வரைக்கும் நல்ல தார் ரோடு. அதில் ஓட்டிவர மாமாவுக்குத் தைரியம் இல்லை.

"செகண்ட் ஹேண்ட் வண்டி. முழுசாப் பிரிச்சுப் பார்க்காம ஏறக் கூடாது" என்றார், ஏதோ நான் அவரை ஏறச் சொல்லிக் கெஞ்சியது போல.

லாரியோடு வந்த இரண்டு பேரும் பலகை போட்டு வண்டியை இறக்கினார்கள். முன் சக்கரம் சுலபமாக இறங்கிவிட்டது. பின் சக்கரம் பலகைக்கு வந்ததும் இரண்டு பேரும் முக்க ஆரம்பித்தார்கள்.

"என்ன சார், பின்னாடி இந்தக் கனம் கனக்குது?"

"பவர்ப்பா. இன்ஜின் பவர்" என்றார் மாமா பெருமையாக. இன்ஜின் ஓடவேயில்லை. சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது.

மாமாவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் விற்கிற கம்பெனியில் வேலை. வீட்டில் பல்பு ஃபியூஸ் ஆனால் அக்காதான் ஸ்டூல் மேல் ஏறி மாற்ற வேண்டும், இவர் கீழே நின்று "பார்த்து, பார்த்து" என்பார். அப்பேர்ப்பட்டவருக்கு செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஞானம் பிறந்துவிட்டது. வண்டியை மெக்கானிக்கிடம் விடுகிறவன் ஆம்பிளையே இல்லை, சொந்தக் கையால் பிரித்துப் பூட்டுகிறவன்தான் ரைடர் என்று சொல்லிக்கொண்டு ஒரு கூட்டம் திரிகிறது. எல்லோருக்கும் தாடி, எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி, எல்லோர் படத்திலும் பின்னால் ஒரு மலை. மாமாவும் தாடி விட்டார். மலைக்குத்தான் இன்னும் போகவில்லை.

எனக்கு அவர் எக்கேடு கெட்டாலும் கவலையில்லை. கவலை அக்காவைப் பற்றி. கல்யாணமானதிலிருந்து அவளை இவர் தெருமுனைக் கடையைத் தாண்டி எங்கேயும் கூட்டிப்போனது கிடையாது. இந்த வண்டி தயாரானதும் அவளைப் பின்னால் உட்கார வைத்து மலைப்பாதையில் ஏறி, மேகத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பி அவள் தனக்கென்று ஒரு ஹெல்மெட் வாங்கி, யாரும் பார்க்காதபோது கண்ணாடி முன்னால் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா, அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பவள் அவள் ஒருத்திதான். இந்த மனிதர் முடுக்கிய போல்ட்டை நம்பி அவள் மலை ஏறுவதா? அதுதான் அப்போது எனக்கிருந்த பயம்.

வீட்டுக்குக் கீழே இரும்பு ஷட்டர் போட்ட கார் ஷெட் ஒன்று உண்டு. கார் இல்லாததால் அது மாமாவின் ஒர்க்‌ஷாப் ஆயிற்று. எனக்கு மாலை ஷிஃப்ட். மதியத்தில் வீட்டில் இருப்பவள் என்பதால் அந்த ஒர்க்‌ஷாப்பின் எடுபிடியும் நானே. செயினை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்க்க என் டூத்பிரஷ்ஷை எடுத்துக்கொண்டார். துடைக்க அக்காவின் நல்ல துண்டு. விழுந்தால் அடிபடாமலிருக்க முன்னால் ஒரு இரும்புக் கூண்டு, கல் அடிக்காமலிருக்க இன்ஜினுக்கு அடியில் ஒரு தகடு, கைக்கு ஒரு மறைப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்சல் வந்தது. பனி விளக்கு இரண்டு வாங்கி அவரே வயர் இழுத்தார். ஸ்விட்சைப் போட்டால் ஹாரன் அடித்தது. வேலை முடிந்த பிறகு ஒரு டம்ளர் நிறைய போல்ட் மிச்சம் இருந்தது. கேட்டால், "கம்பெனிக்காரன் தேவையில்லாம எக்ஸ்ட்ரா போட்டிருக்கான்" என்றார்.

இத்தனை கூத்துக்கு நடுவில் இரண்டு விஷயங்கள் என் கண்ணில் பட்டன. முன் சீட் புதிது போலிருந்தது. பின் சீட்டின் உறை மட்டும் நைந்து, நடுவில் குழி விழுந்திருந்தது. இத்தனைக்கும் விற்றவர் தனியாகவே ஓட்டியதாகச் சொல்லியிருந்தார்.

இன்னொன்று வாடை. மழைக்கோட்டை நனைந்தபடியே மடித்து வைத்து மறந்துவிட்டால் ஒரு புழுங்கல் நாற்றம் வருமே, அது. வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். மழை பெய்து மாதக்கணக்காகிவிட்டது. மண்ணெண்ணெய், கிரீஸ், ரப்பர் எல்லாவற்றுக்கும் அடியில் அந்த ஈர வாடை, பின் சீட்டுக்குப் பக்கத்தில் மட்டும்.

பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்டை மாமா மடித்துவிட்டுப் போவார். மறுநாள் ஷட்டரைத் தூக்கினால் இரண்டும் விரிந்திருக்கும்.

"ஏன் இதையெல்லாம் நோண்டுற?" என்று என்னைத்தான் திட்டினார்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை மதியம் அவர் டேப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். வண்டியின் இறக்கத்தை அளக்கப் போகிறாராம். பின் சக்கரம் அந்தரத்தில் நிற்கும்படி மெயின் ஸ்டாண்டு போட்டு, சக்கரத்தின் அச்சிலிருந்து வால்பக்கம் வரை ஒரு அளவு. ஸ்டாண்டை எடுத்துத் தரையில் நிறுத்தி இன்னொரு அளவு. காலி வண்டி தன் கனத்தில் லேசாக இறங்க வேண்டும். ஆள் உட்கார்ந்தால் இன்னும் இறங்க வேண்டும். அது சரியாக இருந்தால்தான் மலைப்பாதையில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்குமாம். இந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரிதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

நான் ஹேண்டிலைப் பிடித்து வண்டியை நேராக நிறுத்தினேன். அவர் பின்னால் குத்தவைத்து அளந்தார். மறுபடி அளந்தார்.

"என்ன இது? காலி வண்டி, ஆள் உட்கார்ந்த மாதிரி இறங்கிக் கெடக்கு?"

வேறு யாராவது இருந்தால் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்கள். மாமா வீடியோ பார்த்தார். பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"ஸ்பிரிங் செத்துப்போச்சு."

மூட்டை முடிச்சோடு ஊர் சுற்றுகிறவர்கள் போடும் கெட்டி ஸ்பிரிங் ஒன்று பார்சலில் வந்தது. அதை மாட்டுவதற்கு ஷெட்டின் உத்தரத்தில் பட்டை கட்டி வண்டியின் பின்பகுதியைத் தொங்கவிட்டார். அடியில் படுத்துக்கொண்டு ஸ்பேனர் கேட்டார், சுத்தியல் கேட்டார், தண்ணீர் கேட்டார், கடைசியில் பிளாஸ்திரி கேட்டார். பட்டை மட்டும் மேலே கிறீச், கிறீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டேயிருந்தது. தொங்குகிற வண்டி மிக மெதுவாக ஆடியது. நானும் தொடவில்லை, அவரும் தொடவில்லை.

மாட்டி முடித்ததும் பட்டையை அவிழ்த்து, மறுபடி அளக்க வேண்டுமென்றார். நான் இடதுபக்கம் நின்று ஹேண்டிலைப் பிடித்தேன். அவர் பின்னால், அந்தப் பக்கம். ஸ்டாண்டை எடுத்தார். புது ஸ்பிரிங்கில் வண்டி நன்றாக நிமிர்ந்து நின்றது.

"பார்த்தியா? எப்படி நிக்குது பாரு!"

டக்.

என் பக்கத்து ஃபுட்ரெஸ்ட் விரிந்தது.

வண்டி என்னை நோக்கிச் சாய்ந்தது. நான் காலை ஊன்றித் தாங்கினேன். யாரோ அதில் கால் வைத்து ஏறினால் எப்படிச் சாயுமோ அப்படி.

பிறகு தானே நிமிர்ந்தது.

அந்தப் பக்கத்து ஃபுட்ரெஸ்டும் விரிந்தது. டக்.

பின்பக்கம் மெல்ல, மிக மெல்ல இறங்க ஆரம்பித்தது. புது ஸ்பிரிங் முனகியது. டயரின் அடி பிதுங்கியது. என் கையிலிருந்த ஹேண்டில் லேசாக மேலே எழும்பியது. அந்த ஈர வாடை குப்பென்று என் முகத்தில் அடித்தது.

மாமா டேப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உலகமே இடிந்து விழுந்தாலும் அது எத்தனை சென்டிமீட்டர் விழுந்தது என்று பார்க்கிற ஜென்மம்.

"சே! மறுபடியுமா? நீ எதுக்கு அமுக்குற?"

"நான் முன்னாடி நிக்கிறேன் மாமா."

"அப்போ ஆடாமப் பிடி."

"மாமா... யாரோ ஏறினாங்க."

எழுந்து பின் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தாடியைச் சொறிந்தார்.

"புது ஸ்பிரிங் இல்லையா. செட் ஆகுது" என்றார்.

தனக்குப் புரியாத எதையும் 'செட் ஆகுது' என்று சொல்லிவிடுவது அவர் வழக்கம். அக்காவுக்கும் அவருக்கும் கல்யாணமான புதிதில் சண்டை வந்தபோதும் இதையேதான் சொன்னார்.

அன்றைக்கு ஆபீஸ் இடைவேளையில், வண்டியை விற்றவருக்குப் போன் போட்டேன். வண்டி வாங்கிய வீடு என்று சொன்னதும் அவராகவே கேட்டார்.

"ஸ்பிரிங் மாத்திட்டீங்களா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "ஆமா."

"நானும் மாத்தினேன். எனக்கு முன்னாடி வச்சிருந்தவரும் மாத்தினாரு."

"நீங்க தனியாத்தான் ஓட்டினதா சொன்னீங்களே?"

"நான் யாரையும் ஏத்தலைம்மா. அவ்வளவுதான் சொன்னேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்களும் ஏத்தாதீங்க. அந்த இடத்துல ஆள் இருக்கு."

வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. விற்றுத் தலைமுழுகிய பிறகு உபதேசம் பண்ண எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள். ஆனாலும் அந்த ஆள் மேல் ஆத்திரப்பட எனக்கு நேரமில்லை. அக்கா பின்னால் உட்காரக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

"குடுத்துட்டு இப்போ வயித்தெரிச்சல் அவனுக்கு. வண்டியைத் திரும்ப வாங்கறதுக்குக் கதை கட்டுறான். நீ இதை வெளிய எங்கேயும் உளறி வைக்காத, நாளைக்கு வித்தா ஒருத்தனும் வாங்கமாட்டான்."

"ஃபுட்ரெஸ்ட் தானா விரிஞ்சுது மாமா. என் கண்ணால பார்த்தேன்."

"அதுல ஸ்பிரிங் லூஸு."

எல்லாவற்றுக்கும் ஒரு ஸ்பிரிங் வைத்திருந்தார்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "நீ பயந்துட்டேன்னு தெரியுது. ஆனா அவர் என்னைக்காவது எனக்காக ஒரு வேலை செஞ்சு பார்த்திருக்கியா? மாசக்கணக்கா கைய கிழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காருடி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கடைசி அளவு, இரண்டு பேர் உட்கார்ந்தபடி. மாமா ஜாக்கெட், ஹெல்மெட், முட்டிக் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு வந்தார். ஷெட்டுக்குள் நிற்கிற வண்டியில் ஏற முட்டிக் கவசம்! டேப் பிடிக்க நான் மாட்டேனென்று சொல்லியிருப்பேன். அக்காவை அங்கே தனியாக விட மனசில்லை.

மாமா முன் சீட்டில் ஏறினார். வண்டி இன்னும் கொஞ்சம் இறங்கியது. ஃபுட்ரெஸ்ட் இரண்டும் ஏற்கெனவே விரிந்திருந்தன.

"ஏறும்மா."

"அக்கா, வேணாம்."

"ஒரு நிமிஷம்டி" என்று சொல்லிவிட்டு, அவர் தோளைப் பிடித்து ஏறிவிட்டாள்.

நான் டேப்பைப் பார்த்தேன்.

அது ஒரு நூல்கூட அசையவில்லை.

ஒரு முழு மனுஷி ஏறியிருக்கிறாள். வண்டி இறங்கவில்லை.

"சீட்டு இவ்வளவு உயரமாவா இருக்கும்?" என்றாள் அக்கா மேலேயிருந்து.

நான் கீழே குத்தவைத்திருந்ததால் அவள் கால் என் முகத்துக்கு நேராக இருந்தது. நன்றாக அழுத்தி ஊன்றியிருந்தாள். ஆனால் அவள் செருப்பு ஃபுட்ரெஸ்டைத் தொடவில்லை. நடுவில் இடைவெளி இருந்தது. அதன் வழியாக எதிர்ச்சுவர் தெரிந்தது.

இன்னொரு பாதம் வைக்கிற அளவுக்கு இடைவெளி.

டேப்பைக் கீழே போட்டேன்.

"அக்கா." சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது. "இறங்குக்கா."

அவள் குனிந்து தன் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க" என்று மெதுவாகக் கேட்டாள். "உங்க கை எங்க இருக்கு?"

"ஹேண்டில்ல."

"ரெண்டுமா?"

"ரெண்டும்தான். ஏன்?"

நான் எழுந்து அவள் கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். திடீரென்று என் மேல் சரிந்து விழுந்தாள். அவளைத் தாங்கிக்கொண்டு சுவரோடு சாய்ந்தேன்.

வண்டி எங்கள் பக்கமாக ஒரு முறை சாய்ந்தது. மாமா, "ஏய், ஏய்" என்று காலை ஊன்றினார். பிறகு நிமிர்ந்தது.

டக். டக். ஃபுட்ரெஸ்ட் இரண்டும் மடிந்தன.

பின்பக்கம் உயர்ந்தது. புது ஸ்பிரிங் போட்ட அன்று ஒரு நொடி நிமிர்ந்ததைத் தவிர, வந்த நாளிலிருந்து ஒரு தடவையும் அப்படி உயர்ந்ததில்லை. உயர்ந்த வேகத்தில் மாமாவின் கால் தரைக்கு எட்டாமல் கட்டைவிரல் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது.

"ஆஹா!" என்று கத்தினார் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து. "செட் ஆயிடுச்சு! நான் சொன்னேன்ல, செட் ஆகும்னு!"

ஷெட்டில் இப்போது மண்ணெண்ணெய் வாசனையும் கிரீஸ் வாசனையும் மட்டும்தான். அக்காவைக் கைத்தாங்கலாக மாடிக்குக் கூட்டிப்போனேன். படியில் அந்த ஈர வாடை எங்களோடு வந்தது.

பின் ஸ்பிரிங் பிரச்சினையை வீட்டிலேயே தீர்ப்பது எப்படி என்று மாமா ஒரு வீடியோ போட்டார். தாடிக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். உடம்பு பாரமாக இருக்கிறது, இன்னொரு தடவை வருகிறேன் என்று அக்கா சொன்னதும், முகத்தில் ஒரு வருத்தம்கூட இல்லாமல் அந்தக் கூட்டத்தோடு மலைக்குக் கிளம்பிவிட்டார். போன இடத்திலிருந்து போட்டோ அனுப்பினார். தாடி, கறுப்புக் கண்ணாடி, பின்னால் மலை. வண்டி காற்று மாதிரி பறக்கிறதாம்.

அக்கா சாப்பிடுவதைக் குறைத்துவிட்டாள். கன்னம் ஒட்டிப்போய், கழுத்தெலும்பு தெரிந்தது. ஆனால் அவள் உட்கார்ந்தால் சோபா தரையைத் தொடுகிற மாதிரி அமுங்கியது. மாடிப்படி ஏறும்போது, சிமென்ட் மூட்டை தூக்குகிறவர்கள் போல முன்னால் குனிந்து, ஒவ்வொரு படியிலும் மூச்சு வாங்கினாள். எப்போது பார்த்தாலும் ஒரு கை இடுப்பின் மேல் இருந்தது, அங்கே கோத்திருக்கிற எதையோ பிரிக்கப் பார்ப்பது போல. என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்லடி" என்பாள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"வெயிட் போட்டிருப்பா. வாக்கிங் போகச் சொல்லு" என்றார் அந்த மகானுபாவர். பக்கத்தில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. அவரை அப்படியே மலையிலிருந்து தள்ளிவிட்டால் என்ன என்று தோன்றியது. நிஜமாகவே தோன்றியது.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். காலை நேரம், பளிச்சென்ற வெளிச்சம், பினாயில் வாசனை. டாக்டர் அறைக்கு முன்னால் ஒரு சின்னத் தடுப்பு. அதற்குள் ஒரு நர்ஸ் குனிந்தபடி சீட்டில் எழுதிக்கொண்டு, வருகிறவர்களை ஒவ்வொருவராக எடை மெஷினில் ஏறச் சொல்லிக்கொண்டிருந்தாள். முள் ஓடுகிற பழைய மெஷின். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். நான் இரண்டு பேருடைய கைப்பையையும் பிடித்துக்கொண்டு தடுப்புக்கு வெளியே நின்றேன்.

நர்ஸ் தலை நிமிராமல் முள்ளை மட்டும் பார்த்தாள். சலித்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து ஏறினா எப்படிம்மா? ஒருத்தர் ஒருத்தரா ஏறுங்க."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. நர்ஸையும் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி, தன் தோளுக்குப் பின்னால், காதோடு காதாகப் பேசுகிறவள் போலக் கேட்டாள்.

"கொஞ்சம் இறங்குறியா?"

முள் இறங்கவில்லை.